நாலாவது அடி

சங்கரபாண்டியின் சவரக்கத்தி தொண்டைக்குழியில் நிற்கும்போது மூச்சு விடலாம், எச்சில் விழுங்கக் கூடாது, கை ஆடவே கூடாது. அவன் நல்ல தொழில்காரன், ஆனால் கோபக்காரன், அசைந்தால் பாதி முகத்தோடு எழுப்பி வெளியே அனுப்பிவிடுவான், போன மாதம் ஒரு ஹெட் கான்ஸ்டபிளையே அப்படி அனுப்பினான். அது தெரிந்தும் என் வலது கை வெள்ளைத் துணிக்குள்ளே நாற்காலிக் கட்டையில் தும் தும் தும் தக், தும் தும் தும் தக் என்று தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது, நான் என்ன செய்ய. நாலு நாளாக இப்படித்தான். சோற்றுத் தட்டில் அடிக்கிறேன், குளியலறை வாளியில் அடிக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முன்பெஞ்சின் முதுகில் அடித்தேன், அங்கே உட்கார்ந்திருந்த பெண்பிள்ளை திரும்பி என்னை முறைத்தாள், நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன், நல்லவேளை அறுபத்தொரு வயது என்பதால் தப்பித்தேன். நாற்பது வருஷமாக டும்பா வாசிக்கிறவன் நான், இடுப்பு உயரத்துக்கு நிற்குமே, இரண்டு உள்ளங்கையாலும் அடிப்பார்களே, அந்த மேளம். டும்பா ரெமிஜியுஸ் என்றால் தூத்துக்குடியில் கடற்கரைத் தெருக்களில் தெரியாத ஆள் கிடையாது. அப்பேர்ப்பட்டவனுக்கு நாலு நாளைக்கு முன்னால்தான் தெரிந்தது, தான் வாசித்த காங்கா என்கிற கியூபா ஆட்டத் தாளத்தில் ஓர் அடி இல்லை என்று. அழ வேண்டியவன் குதித்துக்கொண்டிருக்கிறேன். இருக்கிறதே, அந்த நாலாவது அடி இருக்கிறதே, என்ன அழகாக இருக்கிறது. தும் தும் தும் என்று நிதானமாக மூன்று எட்டு வைத்து, நாலாவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே தக் என்று ஓர் உதை. அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா. ஆனால் இந்த அடியை முதலில் போய்ச் சொல்ல வேண்டிய ஆள் ஒருத்தன் இருக்கிறான், இன்னாசி, இன்னாசி கொறைரா, எங்கள் குழுவில் ட்ரம்பெட் ஊதினவன், இருபத்தேழு வருஷமாக நானும் அவனும் பேச்சில்லை. இன்றைக்குச் சாயங்கால ரயிலில் வீட்டை விற்றுவிட்டு மகள் வீட்டோடு இருக்க மும்பைக்குப் போகிறான், இனி வரமாட்டான். போவதற்குள் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். நீ சொன்னதுதான் சரி என்பது ஒன்று. இரண்டாவது அதைவிடக் கஷ்டமானது. நாலு நாளாகப் போகப் போக என்று சொல்லிக்கொண்டு போகாமலே இருக்கிறேன், நேற்று சட்டை அயர்ன் பண்ணவில்லை, இன்றைக்குத் தாடி வளர்ந்திருக்கிறது, அதனால் முதலில் சவரம்.

தாடி ஒரு சாக்குதான், அது எனக்கே தெரியும். பயம். அவன் வீட்டு வாசல்படியில் நின்று என்ன சொல்லித் தொடங்குவது, அந்த ரிக்கார்டு ஞாபகம் இருக்கா என்றா. அவனுக்கு ஞாபகம் இல்லாமலா போகும், அவனுடைய அண்ணன் கொண்டுவந்த ரிக்கார்டு. எண்பத்து மூன்றில், கப்பலில் சமையல்காரராக இருந்த அண்ணன் எந்தத் துறைமுகத்திலோ வாங்கி வந்தது, நடுவிலே ஒட்டியிருந்த காகிதம் பாதி கிழிந்து பாடினவன் பேர்கூடத் தெரியாது, அட்டைப் படத்தில் வரிசையாக ஒருத்தர் இடுப்பை ஒருத்தர் பிடித்துக்கொண்டு ஆணும் பெண்ணும் கால் தூக்குவார்கள். எனக்குப் பத்தொன்பது வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக்கொண்டு போனேன். முதலில் பாட்டு வரும், ட்ரம்பெட் வரும், பிறகு எல்லாம் நின்று மேளம் மட்டும் தனியாக வரும், கொஞ்ச நேரம்தான், மறுபடி எல்லாரும் சேர்ந்து கத்த ஆரம்பித்து மேளத்தை மூடிவிடுவார்கள். அந்த மேளத்தை ஒரே ஒரு தரம் முழுசாகக் கேட்டேன். உடம்பெல்லாம் புல்லரித்துப்போய் இன்னொரு தரம் கேட்க ஊசியைத் தூக்கிப் பின்னால் வைத்தேன், அவசரத்தில் கை தவறியது, சர்ர் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். துணியால் துடைத்தேன், எச்சில் தொட்டுத் தேய்த்தேன், கீறல் போகுமா. அட்டைக்குள் போட்டு இரவலுக்கு நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் இன்னாசி வீட்டு மச்சில் குழு முழுவதும் உட்கார்ந்து கேட்டோம், மேளம் வருகிற இடத்தில் ஊசி சிக்கிக்கொண்டது. தும் தும் தும், நாலாவது விழப் போகும், விழாது, ஊசி பழைய இடத்துக்கே குதித்துவிடும், தும் தும் தும், தும் தும் தும். வேறு யாராக இருந்தாலும் ஊசியைத் தட்டிவிட்டிருப்பார்கள். நாங்கள் யாரும் தட்டவில்லை. சிக்கின ரிக்கார்டு மாதிரிப் பயிற்சிக்கு வசதி உண்டா, நிறுத்தாமல் ஒரே தாளத்தை ஒரு மணி நேரம் போட்டுக்கொண்டே இருக்கும். இரண்டு வாரம் அதன் கூடவே அடித்தோம். நான் எல்லாரையும்விடச் சத்தமாக அடித்தேன், அது கீறல் என்பது எவனுக்கும் தோன்றிவிடக் கூடாதே என்று.

அது பரவிய வேகத்தை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது, சிரிக்கக் கூடாது, கத்தி உதட்டுக்குக் கீழே வந்திருக்கிறது. முதல் கச்சேரி ஒரு கல்யாண வீடு. நாலு அடிக்குக் கால் தூக்குகிற ஆட்டத்தை மூன்று அடியில் ஆடினால் என்ன ஆகும், கால் தூக்க நேரம் இருக்காது, ஒரு துள்ளு துள்ளிவிட்டு அடுத்த எட்டு வைக்க வேண்டியதுதான். ஜனங்கள் துள்ளினார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் துள்ளினார், பங்குச்சாமியார் உட்கார்ந்த இடத்திலேயே துள்ளினார். தூத்துக்குடித் துள்ளல் என்று பேர் வைத்து அடுத்த வருஷம் திருநெல்வேலிக் குழுக்காரர்கள் வாசித்தார்கள், அதற்கடுத்த வருஷம் நாகர்கோவில், பிறகு கடற்கரை ஊர் ஒன்று பாக்கி இல்லை. புதுநன்மை வாங்குகிற பிள்ளை வீட்டிலே அதுதான், கொடியேற்றத்திலே அதுதான், தேர்தல் ஊர்வலத்தில்கூட இரண்டு கட்சியும் அதையே அடித்துக்கொண்டு போனார்கள். அசல் கியூபாத் தாளம் என்று நான் மைக்கில் சொல்லுவேன். எங்கே கியூபா, எங்கே நான், அதன் படத்தைக்கூடப் பார்த்ததில்லை. ஒரு கீறலை ஊர் ஊராக ஆட வைத்திருக்கிறேன், இந்தப் பெருமை வேறு எவனுக்கு உண்டு.

கதவு திறந்தது, வெயில் கண்ணாடியில் அடித்தது, அதற்குப் பின்னால் ஓர் ஆள். வெள்ளை வேட்டி, கறுப்புக் குடை, காதில் முடி. இன்னாசி. துணிக்குள்ளே ஆடிக்கொண்டிருந்த கையை இறுக்கி அடக்கினேன். அவனும் பயணத்துக்கு முன்னால் சவரம் பண்ண வந்திருக்கிறான், வேறென்ன. ஊரில் எத்தனை கடை இருக்கிறது, இத்தனை வருஷமாக நான் இங்கே வருவேன், அவன் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கிற கடைக்குப் போவான், நான் முதல் பூசை, அவன் இரண்டாம் பூசை, யாரும் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணாமலே ஊரை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தோம், இன்றைக்கு மட்டும் அவன் எல்லை தாண்டிவிட்டான். சங்கரபாண்டி அவனை வாங்கண்ணாச்சி என்று பெஞ்சில் உட்காரச் சொன்னான். நான் நுரைக்குள்ளே ஒளிந்துகொண்டேன். கண்ணாடியில் அவன் கண்ணும் என் கண்ணும் ஒரு தரம் முட்டின, அவன் குடையைச் சுவரில் சாய்க்கிற சாக்கில் பார்வையை எடுத்துக்கொண்டான். கிழவனாகிவிட்டான். நான் ஆகவில்லையா. தொண்ணூற்றெட்டில் அவன் இப்படியா இருந்தான், எட்டு வருஷம் கப்பலில் கிடந்து கறுத்து, தோளெல்லாம் அகன்று, நல்ல ஆளாக வந்து இறங்கினான். வந்த மூன்றாம் நாள் ஒத்திகைக்கு வந்தான். நான் டும்பாவில் துள்ளலைத் தொடங்கினேன், அவன் ட்ரம்பெட்டை உதட்டில் வைத்தவன் எடுத்துவிட்டான். லே ரெமி, இதுல ஒரு அடி விட்டுப்போச்சுல, நான் கியூபாவுல, சந்தியாகோவுல தெருவுல நின்னு கேட்டேன், நாலு அடில என்றான். பதினான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னான், பெட்டிக்குள் எனக்கென்று எடுத்து வந்த சாமானைக் காட்டுகிற மாதிரி. எனக்குக் கேட்டது அடி அல்ல, அந்த ஊசியின் சர்ர் சத்தம். பதினைந்து வருஷம் மூடி வைத்தது வெளியே வரப் போகிறது என்று தோன்றியவுடன் வாய் முந்திக்கொண்டது. கப்பல்ல சட்டி களுவுனவன் எனக்குத் தாளம் சொல்லித் தாரியா என்றேன். அவன் அண்ணன்தான் சமையல்காரர், அவர் அந்த வருஷம்தான் செத்துப்போயிருந்தார், இன்னாசி எஞ்சின் அறையில் வேலை பார்த்தவன், அது எனக்குத் தெரியும், தெரிந்தே சொன்னேன். அவன் ட்ரம்பெட்டைத் துடைத்துப் பெட்டியில் வைத்தான், இரண்டு கொக்கியையும் மாட்டினான், போய்விட்டான்.

அவன் நின்று கேட்ட தெருவை நான் பார்த்துவிட்டேனே, அதை அவனிடம் சொல்லாமல் எப்படி அனுப்புவது. என் மகள் ஜெனிட்டா கல்லூரி ஆண்டு விழா ஆட்டத்துக்கு எதையோ தேடப்போய், நாலு நாளைக்கு முன்னால் மத்தியானம் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள், பாருங்கப்பா உங்க துள்ளல் மாதிரி இருக்கு என்று. சந்தியாகோ ஊர்த் திருவிழா. யாருடைய திருவிழா தெரியுமா, நம்முடைய சந்தியாகப்பர், அதே அர்ச்சியசிஷ்டவர், அதே ஜூலை மாதம், இன்றைக்கு நம் தெருமுனையில் கொடி பறக்கிறதே அதே நாள். கரும்புத் தோட்டத்துக்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு போன ஜனங்களை வருஷம் முழுவதும் வேலை வாங்கிவிட்டு, திருநாளில் மட்டும் தெருவில் இறங்கி மேளம் கொட்ட விட்டார்களாம், ஜெனிட்டா வாசித்து வாசித்துச் சொன்னாள். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் அவர்கள் ஊர் மேளமெல்லாம் ஒன்று சேர்ந்து இந்த நடை பிறந்திருக்கிறது. நடைதான் அது, நின்று ஆடுகிறது அல்ல, தெரு முழுவதும் காலைத் தேய்த்துக்கொண்டு நகருகிறார்கள், அரை மைல் நீளத்துக்குத் தலைகள். லாரியின் பிரேக் டிரம்மைக் கழற்றிக் கையில் பிடித்து இரும்பால் அடிக்கிறான் ஒருத்தன், பிரேக் டிரம், நம் துறைமுகச் சாலையில் பழைய இரும்புக் கடையில் மலையாகக் கிடக்கிறதே அது. சீனாவிலிருந்து கூலிக்குப் போனவர்கள் கொண்டுபோன ஊதல் ஒன்று, நம் நாதஸ்வரத்துக்குத் தம்பி, கூட்டத்துக்கு மேலே கீச்சென்று ஏறுகிறது. இந்தச் சத்தம் ஆகாது என்று பெரிய மனுஷர்கள் தடை போட்டார்களாம், பிறகு ஓட்டுக் கேட்க அவர்களே அதைக் கூப்பிட்டார்களாம், எந்த ஊரானாலும் அரசியல்வாதி அரசியல்வாதிதான். அங்கிருந்து பாரிசுக்கும் அமெரிக்காவுக்கும் போய், கோட்டுப் போட்டவர்கள் இடுப்பைப் பிடித்து வரிசையாக ஆடி, ரிக்கார்டில் ஏறி, கப்பலில் ஏறி, ஒரு சமையல்காரர் பெட்டியில் தூத்துக்குடி வந்து, என் கையில் கீறல் பட்டது. இத்தனை கடல் தாண்டும்போது சேதமில்லாமல் வந்தது என் வீட்டுக்குள் வந்து சேதமாயிற்று. ஆனால் ஜெனிட்டாவின் போனில் அந்த நாலாவது அடி விழுந்ததே, விழுந்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது, இது புதிதல்ல, பத்தொன்பது வயதில் ஒரே ஒரு தரம் கேட்டது, இத்தனை வருஷமும் எனக்குள்ளேயே எங்கேயோ கிடந்திருக்கிறது. நான் எழுந்து நின்றுவிட்டேன். அன்றைக்கு முதல் இந்தக் கை நிற்கவில்லை. இன்னாசி அந்தத் தெருவிலேயே நின்றிருக்கிறான், அந்த இரும்புச் சத்தம் அவன் காதில் நேராக விழுந்திருக்கிறது, அப்போது அவன் யாரை நினைத்திருப்பான், என்னைத்தானே.

சங்கரபாண்டி அவனிடம் ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டான். அஞ்சு மணி என்றான் இன்னாசி. சாமானெல்லாம் போய்விட்டதா என்று கேட்டதற்கு, ஒரு பெட்டியும் ட்ரம்பெட்டும்தான் பாக்கி என்றான். ட்ரம்பெட்டை விற்கவில்லை. என் காது அதைப் பிடித்து வைத்துக்கொண்டது. இப்போது சொல்லிவிடலாம், இன்னாசி என்று ஒரு வார்த்தை, ஆனால் கத்தி மேலுதட்டில் நிற்கிறது, வாயைத் திறந்தால் உதடு போய்விடும், கத்தி போனவுடன் சொல்லலாம், கத்தி போனது, இப்போது சொல்லலாம், சங்கரபாண்டி மறுபடி நுரையை வாய்மேல் அப்பினான், இரண்டாம் சுற்று, நான் எப்போதும் இரண்டு சுற்றுச் சொல்லுகிறவன், இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை பார். நுரை மூக்கில் ஏறி நாக்கில் சோப்புக் கசந்தது. இன்றிரவு திருவிழாக் கச்சேரி மேடையில் என்ன செய்யப்போகிறேன் என்பதும் ஒரு பக்கம் ஓடுகிறது, நாலாவது அடியைப் போட்டால் நாற்பது வருஷமாகத் துள்ளின ஊர் தடுக்கி விழும், போடாவிட்டால் தெரிந்தே பொய் வாசிக்க வேண்டும், இவன் இருந்தால் கேட்கலாம். இன்னாசி கைக்கடிகாரத்தைப் பார்த்தான். இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டான், பத்து நிமிஷம் அண்ணாச்சி என்றான் சங்கரபாண்டி. அப்பம் நான் சந்தைப் பக்கமே போய்க்கிடுதேன், மருந்து வேற வாங்கணும் என்று இன்னாசி எழுந்தான். குடையை எடுத்தான். போகிறான், கதவு வரைக்கும் ஆறு எட்டு இருக்கும். அவனுக்கு என்னோடு ஓர் அறையில் இருக்க முடியவில்லை, அதுதான், மருந்தாவது மண்ணாவது. லே என்று கூப்பிட வாய் வரவில்லை, வாய் முழுக்க நுரை, தொண்டையில் கத்தி, இருக்கிறது ஒரு கைதான், அதை நான் அடக்கி வைத்திருக்கிறேன். விட்டேன். நாற்காலிக் கட்டையில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தேன். தும் தும் தும் தக். தும் தும் தும் தக்.

சங்கரபாண்டி கத்தியைத் தூக்கிக்கொண்டு, அண்ணாச்சி, களுத்து போயிரும், கையக் கட்டி உக்காருங்க என்று அதட்டினான். தாடைக்குக் கீழே சுரீரென்றது, வெட்டிவிட்டான் அல்லது நான் வெட்டிக்கொண்டேன். நிறுத்தவில்லை. நாலும் விழ வேண்டும், ஒவ்வொன்றும் விழ வேண்டும், நாலாவது எல்லாவற்றையும்விட நன்றாக விழ வேண்டும், நீ சொன்னதுதான், கேட்கிறதா, நீ சொன்ன அடிதான் இது. கண்ணாடியில் பார்த்தேன். இன்னாசி கதவருகே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். குடையின் நுனி தரையில் இருந்தது. அது ஒரு தரம் உயர்ந்து இறங்கியது, டொக். பிறகு டொக் டொக். என்னோடு சேர்ந்துகொண்டான் என்று உயிர் வந்தது, அடுத்த சுற்றிலேயே இடித்தது. நான் நாலாவதை அடிக்கும்போது அவன் ஒன்றைத் தொடங்கிவிட்டான். கேட்டேன். டொக் டொக் டொக், டொக் டொக் டொக். மூன்று. அவன் துள்ளலை அடிக்கிறான். நாலாவது இல்லாத அடியை, கீறல் அடியை, நான் கற்றுக்கொடுத்த பொய்யை, சந்தியாகோத் தெருவில் நின்று சரியானதைக் கேட்டவன் வேண்டுமென்றே அடிக்கிறான். கேலியா. கேலி என்றால் ஒரு சுற்றில் நிறுத்தியிருப்பான். அவன் நிறுத்தவில்லை, திரும்பவும் இல்லை, தலை மட்டும் இலேசாக ஆடுகிறது, இருபத்தேழு வருஷமாக அதை அவனும் எங்கேயோ தட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். நான் அவனுக்கு விட்டுக்கொடுக்க வந்தால் அவன் எனக்கு விட்டுக்கொடுத்துக்கொண்டு நிற்கிறான். நான் தடுமாறி நின்றுவிட்டேன். குடை நிற்கவில்லை. மறுபடி தொடங்கினேன், நாலு, அவன் மூன்று, முட்டிக்கொண்டு, விலகிக்கொண்டு, எண்ணினேன், ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு, அடுத்த ஒன்று இருவருக்கும் ஒரே இடத்தில் விழுந்தது. ஒரே சத்தம். மறுபடி பிரிந்தது, மறுபடி பன்னிரண்டு முடிந்து அதே இடத்தில் ஒன்றாக விழுந்தது. கடவுளே, இரண்டும் சேர்ந்து போகிறது, இரண்டையும் ஒன்றாக வாசிக்கலாம், இத்தனை வருஷமும் வாசித்திருக்கலாம். சங்கரபாண்டி கத்தியை மடக்கிவிட்டுச் சுவரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தான், அவன் காலும் ஆடியது. நுரையை ஒரு கையால் வழித்துப் போட்டேன், இரத்தம் கலந்து வந்தது, இன்னொரு கை அடித்துக்கொண்டே இருந்தது.

“இன்னாசி, அந்த ரிக்கார்டக் கீறுனது நாந்தாம்ல.”

குடை ஒரு சுற்றுக்கூடத் தவறவில்லை. கண்ணாடியில் அவன் திரும்பினான், கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

“நீ திருப்பித் தந்த அன்னைக்கே பாத்துட்டேன்ல,” என்றான். “அடி, நிறுத்தாத.”

பார்த்தவன் மச்சில் எல்லார் முன்னாலும் சொல்லவில்லை. ஒத்திகையில் நான் அந்த வார்த்தை சொன்னபோதாவது சொல்லியிருக்கலாம், நாக்கு நுனியில் இருந்திருக்கும், அதை உள்ளே வைத்துக்கொண்டுதான் அந்தக் கொக்கி இரண்டையும் மாட்டியிருக்கிறான். ரயிலுக்கு இன்னும் ஆறு மணி நேரம் இருக்கிறது. நான் அடித்தேன்.